கீமோ எழுதும் முன் நான் கேட்காமல் விட்ட கேள்வி

எட்டாவது வாரக் கீமோவுக்கு வந்தபோதுதான் அந்த அம்மா சொன்னார். உட்கார்ந்து பேசும்போது இல்லை. எல்லாம் பேசி முடித்து, ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு வரை போய்விட்டுத் திரும்பி, "ஊசியில நூல் கோக்க முடியலீங்க, அது இந்த மருந்தாலயா?" என்றார். அவர் தையல் வேலை செய்கிறவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிளவுஸ் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மிஷினை எப்படியோ ஓட்டிவிடுகிறாராம், ஹெம்மிங்கும் ஹூக் வைப்பதும்தான் முடியவில்லை, விரல் நுனியில் ஊசி இருப்பதே தெரியவில்லை, இரண்டு முறை குத்தி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் கவனித்தாராம். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, முதல் கட்டக் கீமோவும் முடிந்து, வாரம் ஒரு முறை வீதம் 12 முறை பாக்லிடாக்ஸெல் எழுதியிருந்தேன். நல்ல மருந்துதான், இன்றைக்கும் எழுதுகிறேன். ஆனால் அது விரல் நுனியிலும் பாதத்திலும் உள்ள நரம்புகளைத் தொடும். மரத்துப்போகும், குறுகுறுக்கும், செருப்பு கழன்றுபோனதுகூடச் சிலருக்குத் தெரியாது. சிகிச்சை முடிந்தபின் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகிவிடும், சிலருக்கு மிச்சம் நின்றுவிடும். அதே வகையில் டோசிடாக்ஸெல் என்று இன்னொன்று உண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடுவது. அதில் நரம்புத் தொல்லை குறைவு, அதற்குப் பதிலாக வெள்ளை அணுக்கள் சட்டென்று இறங்கி, காய்ச்சலோடு அட்மிட் ஆகும் ஆபத்து கூடுதல். அவருக்கு அதைக் கொடுத்திருக்கலாமா? யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு வேண்டிய ஒரே ஒரு தகவல் என்னிடம் இல்லை, காரணம் நான் கேட்கவே இல்லை.

பக்க விளைவுகளைச் சொல்லாமல் விட்டேனா என்றால் அதுவும் இல்லை. முடி கொட்டும், உடம்பு வலிக்கும், கை கால் மரத்துப்போகலாம் என்று எப்போதும் சொல்கிற வரிசையில் சொன்னேன். "சரிங்க டாக்டர்" என்றார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபைலைப் புரட்டிப் பார்க்கிற எவரும் என்மேல் குறை சொல்ல முடியாது.

இந்த "சரிங்க டாக்டர்" இருக்கிறதே, ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறையாவது கேட்கிறேன். புரிந்தது என்று அர்த்தம், புரியவில்லை ஆனால் வெளியே வரிசை நீளமாக இருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் படித்தவர் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம், புற்றுநோய் என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவுமே காதில் விழவில்லை என்றும் அர்த்தம். முன்பெல்லாம் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவேன். அந்தக் கேள்விக்கு யாராவது இல்லை என்று சொல்வார்களா? இப்போது, "வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர் கேப்பாரு, டாக்டர் என்ன சொன்னாருன்னு. என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்" என்கிறேன். வருகிற பதிலைக் கேட்டால் பாதி நாள் எனக்கே பகீர் என்கிறது. நான் ஒன்று சொல்லியிருப்பேன், போய்ச் சேர்ந்தது வேறொன்றாக இருக்கும்.

மார்பக அறுவை சிகிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதா, மார்பை முழுவதும் எடுப்பதா? அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. இரண்டு வழியிலும் உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை; கட்டியை மட்டும் எடுத்தால் அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் நம்மூரில் முழுவதும் எடுத்துக்கொள்கிறவர்களே அதிகம். கட்டி பெரிதான பிறகே பலரும் வருவது ஒரு காரணம். இன்னொன்று, "முழுசா எடுத்துட்டா திரும்ப வராதுல்ல?" என்ற நம்பிக்கை. அது தவறு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக முழுவதும் எடுக்கச் சொல்கிற எல்லாரும் புரியாமல் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பத்துப் பக்கமிருந்து வந்த ஒருவர், இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கரண்ட் வைக்க டெய்லி மதுரைக்கு வரணும்னா மாட்டை யாரு பாக்குறது?" என்றார். கரண்ட் என்று அவர் சொன்ன கதிர்வீச்சுக்கு முன்பு ஐந்து வாரம் வர வேண்டியிருந்தது, இப்போது பலருக்கும் மூன்றே வாரத்தில் முடிந்துவிடுகிறது என்பதையும், முழுவதும் எடுத்தாலும் நெறிகட்டியில் பரவியிருந்தால் கரண்ட் வைக்க வேண்டிவரலாம் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, முழுவதும் எடுத்துவிடுங்கள் என்றே சொன்னார். அவர் எல்லாம் தெரிந்து எடுத்த முடிவு, எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

முடிவெடுக்க வேண்டியவருக்கே என்ன நோய் என்று சொல்லாமல் வைத்திருக்கும் கதை தனி. மகன் மட்டும் முதலில் உள்ளே வருவார், கதவைச் சாத்துவார். "சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, குடல்ல புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம், தாங்க மாட்டாரு." அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் தலைக்கு மேலே "புற்றுநோய் பிரிவு" என்று ஒரு அடி எழுத்தில் போர்டு தொங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், என்ன கேன்சர், எத்தனாவது கீமோ என்பதுவரை அரை மணி நேரத்தில் விசாரித்து முடித்திருப்பார். ஒரு பெரியவர், மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும்ங்க. தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போறேன், பையன் பாவம்." இப்படி ஒரே வீட்டில் இரண்டு பேரும் மாறி மாறி நடித்துக்கொண்டு, பேச வேண்டிய பேச்சு எதையும் பேசாமலே மாதங்கள் போய்விடுகின்றன. நிலத்தை விற்பதா, பேத்தி கல்யாணத்தை முன்கூட்டியே வைப்பதா, இன்னொரு கீமோ வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கின்றன.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டி மகனை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. "நானா போய்ச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடமே கேட்கிறேன்: "உங்க உடம்புக்கு என்னன்னு விவரமா தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" சிலர் பையன்கிட்டயே பேசிடுங்க என்கிறார்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமைதான், அதை அவர் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அடுத்தது "குணமாயிடுமா?" என்ற கேள்வி. இதில் டாக்டர்கள் நாங்கள் கெட்டிக்காரர்கள். "நல்லா ரெஸ்பான்ஸ் இருக்கு", "பாத்துக்கலாம்", "மருந்து கேக்குது" என்று பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவோம். கட்டி சுருங்குவது வேறு, நோய் குணமாவது வேறு. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் அல்லது பெருங்குடல் புற்றுநோய் மற்ற இடங்களுக்கும் பரவி, கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் கீமோ ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம், தொந்தரவைக் குறைக்கலாம், குணப்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம், பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம். என்னை உறுத்தியது இன்னொன்று: எங்கள் டாக்டர் மிக நன்றாகப் பேசுகிறார் என்று சொன்னவர்களிடம்தான் அந்தத் தவறான நம்பிக்கை அதிகமாக இருந்தது. கேட்க இதமாகப் பேசினால் நல்ல டாக்டர் என்ற பெயர் கிடைக்கும் போல.

ஆகவே சிகிச்சைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நேரடியாகக் கேளுங்கள்: இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இதைவிட்டால் வேறு என்ன வழி? நாற்பது சதவீதம் குறையும் என்று யாராவது சொன்னால், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். நூற்றில் பத்துப் பேருக்குத் திரும்ப வரும் நோய் ஆறு பேருக்கு வந்தாலும் நாற்பது சதவீதம் குறைந்ததுதான், ஐம்பது பேர் முப்பதானாலும் அதே நாற்பதுதான். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள், உள்ளே வந்தால் மறந்துவிடும், எனக்கே என் அம்மாவைக் காட்டப் போனபோது மறந்துவிட்டது. டாக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு, பேசுவதைப் போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளலாம். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற டாக்டர் இருந்தால், இன்னொரு டாக்டரைக் கட்டாயம் பாருங்கள். பணத்தைப் பற்றியும் முதல் நாளே பேசுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும், எது வராது என்பது தெரிந்தால் நகையை அடகு வைப்பதற்கு முன் யோசிக்க நேரம் கிடைக்கும். முள் சீத்தா கஷாயமோ வேறு நாட்டு மருந்தோ எடுத்தால் மறைக்காதீர்கள். திட்டுவோம் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் திடீரென்று அளவு ஏறினால், காரணம் எது என்று தெரியாமல் கீமோவைத் தள்ளிப்போட்டுக்கொண்டு நாங்கள் முழிப்போம்.

தையல்கார அம்மாவுக்கு மருந்தின் அளவைக் குறைத்தேன், மிச்சத்தை அப்படியே முடித்தோம். ஒன்றரை வருஷம் ஆகிறது. விரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஹூக் வைக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறார். என் ஓ.பி. சீட்டில் இப்போது பெயர், வயதுக்கு அடுத்து "என்ன வேலை, எதை விட முடியாது" என்று கையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கூட்டம் அதிகமான நாளில் அது காலியாகவே போவதும் உண்டு.

போன மாதம் அவருடைய சித்தி மகள் வந்தார், அவருக்கும் மார்பில் கட்டி, பயாப்ஸி முடிவு கையில். அக்கா என்ன சொல்லி அனுப்பினாரோ தெரியாது, நாற்காலியை இழுத்து உட்காருவதற்கு முன்பே, "நான் பூ கட்டுறேங்க" என்றார்.