இலவசமாகத் திறக்கிறது என்பதாலேயே ஓப்பன் ஃபார்மட் ஆகிவிடாது

ஆவணங்களை டிஜிட்டலாக்க ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம், எந்த ஃபார்மட்டில் சேமிக்கிறீர்கள் என்று கேட்பேன். "இலவச மென்பொருளிலேயே திறக்குதே சார், ஓப்பன்தானே?" என்பார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், கட்டணம் கட்டாமல் யாரும் பயன்படுத்த முடிந்தால்தான் ஒரு ஃபார்மட் ஓப்பன். மென்பொருளின் உரிமம் வேறு, ஃபார்மட்டின் உரிமம் வேறு.

ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி படத்தைப் பாருங்கள். உள்ளே படத்தைச் சுருக்குவது ஹெச்இவிசி என்ற முறை. அது எப்படி இயங்குகிறது என்று சொல்லும் விவரக்குறிப்பை ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அந்த முறையில் சுருக்கித் தரும் எக்ஸ்265 என்ற மென்பொருள், யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் ஜிபிஎல், அந்த நிரலை எழுதியவர்கள் தரும் அனுமதி மட்டுமே. சுருக்கும் முறைக்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் எல்லாரும் ஒரே குழுவில் இல்லை, ஒரு குழுவுக்குப் பணம் கட்டினாலும் வெளியே இன்னும் சிலர் மிச்சமிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஸ்டோரில் ஹெச்இவிசி-யைத் திறக்க உதவும் நீட்சியைத் தனியாக 0.99 டாலருக்கு விற்றது சும்மா இல்லை.

ஜிஃப் என்ற பட ஃபார்மட்டின் கதை இன்னும் கசப்பு. 1987-இல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டு, யாரும் பயன்படுத்தலாம் என்றது. உள்ளே இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்க முறையின் பேட்டன்டோ யூனிசிஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கையில். 1994 கடைசியில் கட்டண அறிவிப்பு வந்தபோது ஜிஃப் எங்கும் பரவியிருந்தது. அந்த எரிச்சலில், பேட்டன்ட் சிக்கல் இல்லாத மாற்றாகப் பிறந்ததுதான் பிஎன்ஜி. 2003-இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் பேட்டன்ட் காலாவதியானது. கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை; ஜிஃப் அன்றுதான் உண்மையில் ஓப்பன் ஆனது.

ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். "நியாயமான, பாரபட்சமற்ற" நிபந்தனைகளில் உரிமம் தருவோம் என்று பேட்டன்ட்காரர் எழுதியிருந்தால், கட்டணம் கேட்கலாம் என்று பொருள். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கும் மென்பொருளில், பிரதிக்கு இவ்வளவு என்று யார் எண்ணிக் கட்டுவது? பிடிஎஃப் 2008-இல் ஐஎஸ்ஓ தரமானபோது, அதைச் செயல்படுத்தத் தேவையான தன் பேட்டன்ட்களுக்கு ராயல்டி, அதாவது பயன்பாட்டுக் கட்டணம், இல்லை என்று அதை உருவாக்கிய அடோபி எழுத்தில் கொடுத்தது. நான் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். நம் மத்திய அரசின் 2010 திறந்த தரநிலைக் கொள்கையும் தரநிலையின் ஆயுள் முழுக்க ராயல்டி இல்லாத பேட்டன்டைத்தான் கேட்கிறது.

கையில் ஹெச்இஐசி படங்கள் இருந்தால் மூலத்தை அழிக்காமல், பக்கத்திலேயே பிஎன்ஜி பிரதி ஒன்றையும் வையுங்கள். இனி எடுக்கப்போவதற்கு ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் படங்கள் ஜேபெக்காகவே விழும்.