‘கட்’ சொன்ன பிறகு

தஞ்சாவூரில் நடிப்புச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் குறும்படம் எடுப்பவர்கள், மீதிப்பேர் சென்னைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். முதல் நாள் அறிமுகத்தில் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “சார், நான் கேரக்டராவே வாழணும்.” பேட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசில் ஏறிய வாக்கியம் அது. ஆறு மாதம் யாரிடமும் பேசவில்லை, வீட்டுக்குப் போகவில்லை, படம் முடிந்தும் அந்த மனிதனிடமிருந்து வெளியே வர முடியவில்லை என்று நடிகர்கள் சொல்லக் கேட்கிறார்கள். வெளியே வர முடியாமல் போவதையே திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் பெரிய பயம் இருக்கிறது. அந்தப் பயம் வந்த கதையைச் சொல்கிறேன். தவறு என்னுடையது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் புது ஆற்றங்கரையில் ஒரு குறும்படம். கல்லணைக் கால்வாயை இங்கே புது ஆறு என்றுதான் சொல்வோம். அப்பா செத்துப்போன சேதி கேட்டு ஒரு பெண் படித்துறையில் உட்கார்ந்திருக்கும் காட்சி. நடித்தது ஒரத்தநாட்டுப் பக்கத்து கிராமத்துப் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மத்தியானத்திலிருந்து அழுகை வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, டைரக்டர் பையன் பதறினான். அவளுக்கு நிஜமாகவே அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். இறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அப்பாவ நெனச்சுக்கம்மா. கடைசியா எங்க வச்சுப் பாத்த?” என்று கேட்டேன்.

அவள் அழுததைப் பார்த்து யூனிட்டே கைதட்டியது. காட்சி முழுவதும் தூரத்திலிருந்து தெரியும் மாஸ்டர் ஷாட் எடுத்தோம், அப்புறம் மிட் ஷாட், அப்புறம் க்ளோசப், முந்தின ஷாட்டோடு ஒட்டாமல் கன்டினியூட்டி தப்பியதால் இன்னொரு க்ளோசப். நாலு தடவை அந்தப் பிள்ளையை, அவள் அப்பாவைக் கடைசியாகப் பார்த்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நாலாவது தடவை ‘கட்’ சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் லைட் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அவள் அம்மா போன் செய்தார். “சார், புள்ள சோறு திங்க மாட்டேங்குது. ராத்திரில எந்திரிச்சு வாசல்ல போயி உக்காந்துக்குது. அங்க என்ன சார் நடந்துச்சு?” என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவள் பழையபடி ஆக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் அன்றைக்குச் செய்ததற்கு நடிப்புப் பாடத்தில் உணர்வு நினைவு என்று பெயர். ரஷ்யாவின் நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியிடமிருந்து வந்தது. பின்னாளில் அவரே அதிலிருந்து நகர்ந்து, உணர்ச்சியைத் தேடாதே, செய்கையைச் சரியாகச் செய், உணர்ச்சி பின்னால் வரும் என்ற இடத்துக்குப் போய்விட்டார். 1934-இல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர் பாரீஸில் அவரை நேரில் பார்த்துப் பயின்றுவிட்டுப் போய்த் தன் குழுவில் இதைச் சொன்னபோது, அங்கே பெரிய சண்டையே நடந்தது. உணர்வு நினைவை விடாமல் பிடித்துக்கொண்டவர் அதே குழுவில் நடிப்புச் சொல்லிக்கொடுத்த லீ ஸ்ட்ராஸ்பெர்க். அவரும்கூட ஒரு வரம்பு வைத்திருந்தார்: எடுத்துக்கொள்ளும் நினைவு நடந்து குறைந்தது ஏழு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். ஏழு வருஷம். நான் எடுத்தது ஏழு மாதம்கூட ஆகாத காயம். பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பியவன் நான்.

அந்த வருஷம் மே மாதம் மெலட்டூருக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து போகிற ஊர்தான். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வேடம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். அவர் அணியும் சிம்ம முகம் கோயிலில் பூஜையில் இருப்பது. விடியப்போகும் நேரத்தில் அந்த முகத்தோடு அவர் வந்து நிற்கும்போது ஆவேசம் வந்துவிடும், இரணியன்மேல் பாய்வார். இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடித்துக்கொள்வார்கள். பிறகு முகத்தைக் கழற்றுவார்கள். அது திரும்பக் கோயிலுக்குப் போய்விடும்.

இத்தனை வருஷமாக அந்தப் பாய்ச்சலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முறை பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். அவர்களுக்கு வசனம் இல்லை, பாட்டு இல்லை, யாரும் அவர்களைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் நாடகம் தொடங்காது. உள்ளே போவதற்கு விரதம், உள்ளே இருக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள், வெளியே வருவதற்கு முகம் கழற்றும் நேரம், கழற்றிய முகம் போய்ச் சேர ஓர் இடம். எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு. புது ஆற்றங்கரையில் நான் அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றையும் செய்து வைக்கவில்லை.

பேட்டிகளுக்கு வருகிறேன். நடிகர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். படம் வெளியாகும் வாரத்தில், எப்படித் தயாரானீர்கள் என்று ஒருவர் கேட்க, இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நடிகர் நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தரையில் ஒட்டிய டேப்பைப் பற்றி அங்கே பேச முடியுமா? அதனால் மனசுக்குள் நடந்ததை மட்டும் சொல்கிறார்கள். கேட்கிற பையன் அதையே முழுத் தொழிலாக எடுத்துக்கொள்கிறான்.

செட்டில் அனுபவமுள்ள நடிகர்கள் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அங்கே ‘வாழ்ந்தேன்’ என்ற சொல்லே வராது. “என்ன லென்ஸ் சார்? இடுப்பு வரைக்குமா, முகம் மட்டுமா?” என்பார்கள். முகம் மட்டும் என்றால் புருவம் லேசாக அசைந்தாலே திரையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரியும். “மீட்டரைக் கொஞ்சம் கொறச்சுக்கவா?” என்பார்கள், நடிப்பின் அளவைத்தான் மீட்டர் என்கிறார்கள். “இதுக்கு முந்தின சீன்ல நான் ஓடி வர்றேனா, நடந்து வர்றேனா?” என்று கட்டாயம் கேட்பார்கள். லொக்கேஷன் கிடைக்கிற வரிசையில் எடுப்பதால் சாவு வீடு முதல் நாளும் கல்யாணம் இருபதாம் நாளும் வரும். எத்தனை மூச்சு வாங்கினோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. டேப் ஒட்டிய இடத்தில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்கக் காலடியை எண்ணி வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஃபோகஸ் போய்விடும். க்ளோசப்பில் எதிரே காதலி இருக்க மாட்டாள். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் கை முஷ்டியை நீட்டி “லுக் இங்க சார்” என்பார். அந்த முஷ்டியைப் பார்த்துத்தான் கண் கலங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பரீட்சை டப்பிங். படப்பிடிப்பு முடிந்து எத்தனையோ நாள் கழித்து, குளிரூட்டிய இருட்டு அறையில், தன் உதட்டசைவையே திரையில் பார்த்துக்கொண்டு அதே அழுகையைக் குரலில் மட்டும் கொண்டுவர வேண்டும். விம்மல் கால் விநாடி தள்ளிப்போனால் “ஒன் மோர்.” நிஜமாக அழுதுவிட்டு வந்தவனுக்கு அங்கே கையில் ஒன்றும் இருக்காது. எங்கே மூச்சை இழுத்தோம், எந்தச் சொல்லில் குரலை விட்டோம் என்று தெரிந்து செய்தவனால்தான் திரும்பச் செய்ய முடியும்.

இந்த மண்ணிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் பக்கத்துச் சூரக்கோட்டை சிவாஜி கணேசனின் பூர்வீக ஊர். அவர் அப்பர் வேடம் போட்டபோது காஞ்சிப் பெரியவரைப் பார்த்துத்தான் அந்த நடையையும் உட்காரும் விதத்தையும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதரை உற்றுப் பார்த்து, அவர் உடம்பு எப்படி அசைகிறது என்று கடன் வாங்கினார். தன் சொந்தத் துக்கத்தைத் தோண்டவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் புஞ்சையில் பிறந்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலும் சிலம்பம், தெருக்கூத்து அடவு, குரல் என்று உடம்புக்குத்தான் பயிற்சி. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தவர்கள். அங்கே கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்துகொண்டே நடிகர்களைக் கவனித்தவர் விஜய் சேதுபதி. உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தமிழில் மெய்ப்பாடு என்று சொல்லி வைத்திருக்கிறோம். மெய் என்றால் உடம்பு. அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு மாதம் வகுப்பு எடுக்கலாம்.

உடம்பு என்றதும் இன்னொன்று. வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன், வறட்சியில் வாடும் விவசாயி வேடத்துக்காக நாலு நாள் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். கத்திரி வெயிலில் வரப்பில் விழுந்தான். உடம்பை ஏற்றி இறக்கும் பெரிய நடிகர்களுக்குப் பின்னால் மருத்துவர், உணவு ஆலோசகர், பயிற்சியாளர், பல மாத அவகாசம் எல்லாம் இருக்கின்றன. பேட்டியில் அந்த ஆட்கள் தெரிவதில்லை. தயவுசெய்து சொந்தமாகப் பட்டினி கிடக்காதீர்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள். கன்னம் ஒட்டியிருப்பதாகக் காட்ட மேக்கப் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தை அழ வேண்டும் என்றால் “அம்மா ஊருக்குப் போயிட்டா” என்று சொல்லிப் பயமுறுத்துவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அழுகை வரும், உடனே வரும். அப்புறம் அந்தக் குழந்தை கேமராவையும் நம்பாது, உங்களையும் நம்பாது. அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி 14 வயது நிறையாத குழந்தையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகவும் வைக்கக் கூடாது. குறும்படம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் வகுப்பில் சில வழக்கங்கள் இருக்கின்றன. கனமான காட்சி என்றால் மெலட்டூரைப் போல ஆளுக்கு இரண்டு பேர். நடிக்கிறவருக்கு நெருக்கமானவர் ஒருவர், யூனிட்டில் பொறுப்பானவர் ஒருவர். ‘கட்’ சொன்னதும் அவர்கள் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். மானிட்டரைப் பார்க்க ஓடக் கூடாது. அழுகைக் காட்சியில் க்ளோசப்பை முதலில் எடுக்கச் சொல்கிறேன். மாஸ்டர் ஷாட்டில் தூரத்தில் யாருக்கும் கண்ணீர் தெரியப் போவதில்லை, நாலு தடவை அழ வைக்க வேண்டியதும் இல்லை. கிளிசரின் போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்பட வேண்டாம். காட்சி முடிந்ததும் காஸ்ட்யூமைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, தன் பெயர், தன் ஊர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவை தன் பெயரைச் சொல்லும்போது குரல் நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்தும் தூக்கம் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், ஒரு காட்சி திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓடினால், ரெண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நடிப்புப் பயிற்சியாளர் மருத்துவர் கிடையாது. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை இரண்டு மாதம் கஷ்டப்பட்டாள்.

அவள் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். “அதே சீன இன்னொரு தடவ பண்றேன் சார்” என்றாள். அவள் அம்மாவிடம் பேசினேன், அவளைப் பார்த்த மருத்துவரிடமும் கேட்டேன். அப்புறம்தான் சரி என்றேன். இந்த முறை அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. கதையில் வரும் அப்பாவின் துண்டு என்று சொல்லி, கடையில் வாங்கிய புதுத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். “அழ வேணாம்மா. இத மடிச்சு வை. நாலு மூலையும் ஒண்ணா சேரணும், அது போதும்.”

மடித்தாள். ஆற்றங்கரைக் காற்றில் ஒரு மூலை நழுவியது. பிரித்துத் திரும்ப மடித்தாள். மூன்றாவது தடவை மூலைகளைச் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலால் அந்த மடிப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மானிட்டருக்குப் பின்னால் இருந்த டைரக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி அவள் அக்கா.

‘கட்’ என்றதும் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, அடிபம்பில் முகம் கழுவினாள். தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், காலையில் பழைய சோறும் மாவடுவும் என்றாள். “சார், ஒரத்தநாட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.