மிக்ஸி குமிழில் வேர்விட்ட உலோகம்

“மிக்ஸியின் வேகக் குமிழ் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. போன வாரம் ஓரத்தில் தாள்போல உரிந்துவிட்டது. உள்ளே வெறும் பிளாஸ்டிக். அப்போ மேலே இருந்தது பெயின்டா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பெயின்ட் இல்லை, உலோகமேதான். உரிந்த ஓரம் பிளேடு மாதிரி கையைக் கீறும், ஜாக்கிரதை. மேலே குரோமியம், அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. மூன்றும் சேர்ந்தாலே ஒரு தலைமுடித் தடிமன்தான் வரும்.

மின்முலாம் பூசப் பொருளில் மின்சாரம் பாய வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பிளாஸ்டிக்கில் பாயாது. அதனால் பல்லேடியம் என்ற உலோகத்தின் துகள்களைத் தூவினாற்போல் படியவைத்து, அவற்றின் மேல் மின்சாரமே இல்லாமல் நிக்கலைப் படியவிடுகிறார்கள். அந்த மெல்லிய நிக்கல் மேல்தான் அப்புறம் வழக்கமான மின்முலாம்: செம்பு, நிக்கல், குரோமியம். சரி, ஆனால் வழவழப்பான பிளாஸ்டிக்கை உலோகம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குமிழும் மிக்ஸியின் உடலும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அக்ரைலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றின் கூட்டு. இதில் பியூட்டாடையீன் ரப்பர் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கும். பலவும் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, இருக்காது. கீழே விழுந்தால் விரிசல் ஓடாமல் தடுக்கச் சேர்த்த ரப்பர் அது.

பல்லேடியம் தூவுவதற்கு முன்பே, குமிழைக் குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான தொட்டியில் சில நிமிடம் முக்குகிறார்கள். ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். உருண்டை இருந்த இடமெல்லாம் குழி. நம் வீட்டு அம்மியைக் கொத்தின மாதிரிதான், ஆனால் உளி படாமல். அதுவும் வெறும் பள்ளம் இல்லை. வாய் குறுகி வயிறு பெருத்த குடங்கள். அதற்குள் புகுந்து கெட்டியான நிக்கல், குடத்துக்குள் கடலையை மூடிப் பிடித்த குரங்கின் கைதான். வெளியே வர முடியாது.

சூடானால் ஏபிஎஸ் நிக்கலைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விரியும். அந்த இழுபறியை நடுவில் இருக்கும் செம்பு நெகிழ்ந்துகொடுத்துத் தாங்குகிறது.

இதில் ஒரே உறுத்தல் அந்தக் குரோமிக் அமிலம். அதில் இருக்கும் அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தருவது. மூடிப்போன ஆலை ஒன்று குவித்துவிட்டுப் போன குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். அந்த அமிலத்துக்குப் பதில் பெர்மாங்கனேட் என்ற உப்பை வைத்துக் குழி போடும் முறைகளும் வந்துவிட்டன. இந்த மாதிரி வேலைக்கு நம் கல்லூரி ஆய்வகங்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, உங்கள் குமிழ் ஏன் உரிந்தது? அமிலத்தில் ஊறியது குறைந்தாலும் கூடினாலும் பிடிப்பு போகும். இன்னொன்றும் உண்டு. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அவசரமாகத் தள்ளினால், அது நுழையும் வாசலருகே ரப்பர் உருண்டைகள் நீண்டு புழுப்போல் ஆகிவிடும். புழு விட்டுப்போன இடத்தில் குடம் ஏது? குமிழைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். நறுக்கிவிட்ட காம்பு போல ஒரு சின்னத் தழும்பு இருக்கும், அதுதான் வாசல். உரிந்தது அந்தப் பக்கமா?