பழைய மென்பொருளுக்காகப் புதுக் கணினியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவோடுதான் வருவார்கள். "டபுள் ஓஎஸ் போட்டுக் குடுங்க." அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம். எதற்கு என்று கேட்டால், புதுக் கணினியில் ஓடாத ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காக. அதன் பெயரையும், அது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதையும் முதலில் சொல்லச் சொல்லுவேன். பிரிண்டரா, டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி டோக்கனா, எழுத்துருவா? இது தெரிந்தால்தான் எந்த வழி என்று சொல்ல முடியும்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் புது சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இதுல பேஜ்மேக்கர்ல தமிழ் அடிக்க முடியல. இதை அழிச்சுட்டு பழைய எக்ஸ்பியே போட்டுரு." எக்ஸ்பி பழைய விண்டோஸ். அந்தப் புது மதர்போர்டை அதற்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலே கிடையாது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், ஆனால் இங்கே வம்பு அதனால் இல்லை. அவர் தட்டச்சுக்கு வைத்திருந்த தமிழ் விசைப்பலகை நிரல் விண்டோஸ் 95 காலத்தது, 16 பிட் எனும் பழைய வகை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். பழைய நிரல்களுக்கென விண்டோஸில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோடில் எத்தனை டிக் போட்டாலும் அது நகராது.

அவருக்கு ஒத்துவந்தது விர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒரு மென்பொருள், கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு கணினியை உண்டாக்கும். அதற்குள் ஏறும் எக்ஸ்பிக்குத் தான் இரவல் வீட்டில் இருப்பதே தெரியாது. 1 ஜிபி ராம், 20 ஜிபி இடம், அவ்வளவே கொடுத்தேன். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், இதற்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்று இருக்கும். இதை விட்டுவிட்டு, கணினியே சரியில்லை என்று கொண்டுவருகிறவர்கள் நிறைய.

சிடியும் அதன் உரிம எண்ணும் அண்ணாச்சியிடம் பத்திரமாக இருந்தன. எல்லாம் ஏற்றி, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கால எழுத்துருக்கள், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள இன்றைய யூனிகோடு முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். எழுத்துரு போனால் தமிழே போச்சு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்துப் போட்டதும் 'திருநிறைச்செல்வி' முழுசாக வந்து நின்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 'ஸ்ரீ'யை மட்டும் தனியாகப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருடைய புது பிரிண்டரை எக்ஸ்பிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பேஜ்மேக்கரோடு வந்த டிஸ்டில்லர் என்ற நிரலில் பிடிஎஃப் ஆக்கி, இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டு, விண்டோஸ் 11இலிருந்து அச்சுக்குக் கொடுக்கிறார்.

எக்ஸ்பிக்கு நெட் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் நெட்வொர்க்கை 'நாட் அட்டாச்ட்' என்று வைத்துவிட்டேன். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. பூட்டில்லாத வீட்டைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைப்பானேன்?

அந்த எக்ஸ்பி மொத்தமும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால் பேக்கப் எடுப்பது சுலபம். ஆனால் முழுசாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவும் முடிந்தபிறகு, விண்டோஸ் 11 ஏறாத கணினிகளில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பது கூடியிருக்கிறது. அவர்களுக்கு விண்டோஸ் மென்பொருள் ஒன்றிரண்டு தேவைப்பட்டால் வைன் என்ற மென்பொருள். (இந்தப் பெயரை ஒரு மாமியிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) 1993இல் தொடங்கிய திட்டம். இது பொய்க் கணினி எதையும் உண்டாக்குவதில்லை. நிரல் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி. அதனால் வேகம் பெரும்பாலும் குறையாது, விண்டோஸ் உரிமமும் வேண்டாம். ஆனால் எல்லா மென்பொருளும் ஓடாது. வைன் திட்டத்தின் தளத்திலேயே பிளாட்டினம் தொடங்கி 'குப்பை' வரை தரம் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு இறங்குங்கள். இன்னொன்று: லினக்ஸ்தானே, வைரஸ் என்ன செய்யும் என்று எண்ண வேண்டாம். வைனுக்குள் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் கணினியின் மொத்தக் கோப்புகளும்தான். உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருளை அதில் ஓட்டினால் பேத்தியின் மொட்டைப் படம் வரை அதன் கைக்கு எட்டும்.

டோக்கன் வைத்துக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு வைனை நான் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷினாக விண்டோஸை வைத்து, டோக்கனை யூஎஸ்பி மெனுவில் அதனிடம் ஒப்படைத்துவிடலாம். அது அங்கே இருக்கும்வரை வெளியே தெரியாது, பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கு இலவசம், வணிக உபயோகத்துக்கு அல்ல. அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, டபுள் ஓஎஸ் வேண்டவே வேண்டாமா? கனமான கேம், வீடியோ எடிட்டிங் என்றால் வேண்டும், அங்கே கணினியின் முழு பலமும் தேவை. ஆனால் அதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். டீச்சர் ஒருவரின் லேப்டாப்பில் பயாஸ் அமைப்பை மாற்றி லினக்ஸைப் பக்கத்தில் ஏற்றினேன். மறுபடி விண்டோஸுக்குள் போனால் நீலத் திரையில், ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கையோ லேப்டாப் விற்ற கடைப் பையன் யாரோ ஏதோ மெயிலில் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையனைத் தேடிப் பிடிக்க மூன்று நாள். வினாத்தாள் உள்ளே, டீச்சர் வெளியே. அதற்கப்புறம் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி என் மேஜையில் வைக்காத எந்த லேப்டாப்பையும் நான் தொடுவதில்லை.

மொபைல் ஆப்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்களும் உண்டு. விளையாடுங்கள், வங்கி ஆப்பை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

அண்ணாச்சி போன வாரம் வந்தார். பழைய சிபியூவை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு போடச் சொன்னேன்.