உங்கள் கடையின் பேஜ் யார் கையில் இருக்கிறது?

விளம்பரம் செய்து தரச் சொல்லி என்னிடம் வரும் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் தங்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பேஜின் ஃபாலோயர் எண்ணிக்கையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "நாலாயிரத்தைத் தாண்டவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இந்தப் பேஜை எந்த மெயில் ஐடியில் திறந்தீர்கள்? எந்த செல்போன் நம்பர் கொடுத்தீர்கள்? அந்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறது? பலருக்குப் பதில் தெரியாது. "அதெல்லாம் பையன்தான் பார்க்கிறான்" என்பார்கள். "முன்னாடி ஒரு தம்பி வேலைக்கு இருந்தார், அவர் ஆரம்பிச்சது" என்பார்கள்.

கடை வாடகை ஒப்பந்தத்தை வேலைக்கு இருக்கும் பையன் பெயரில் யாரும் எழுத மாட்டார்கள். பேஜ் விஷயத்தில் மட்டும் கூசாமல் அதைச் செய்கிறோம். காசு கட்டாமல் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்பதால் அது ஒரு சொத்து என்று தோன்றுவதே இல்லை. ஆர்டர்கள் அதன் வழியாக வரத் தொடங்கிய பிறகும் தோன்றுவதில்லை.

காரைக்குடிப் பக்கம் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கை முறுக்கு, மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் எல்லாம் செய்வார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் மகன்தான் இன்ஸ்டாகிராம் பேஜ் திறந்து கொடுத்தான். வெள்ளைத் துணியில் அக்காவின் விரல்கள் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்றுவதை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்துப் போட்டான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும். அந்த வீடியோ நன்றாக ஓடியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. சீருக்கு வேண்டும் என்று மொத்தமாகக் கேட்டும் வந்தார்கள்.

பையன் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டான். இங்கே வைத்திருந்த ப்ரீபெய்டு சிம்முக்கு ரீசார்ஜ் போடவில்லை. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்கப்புறம் புது வாடிக்கையாளருக்கு ஒதுக்கிவிடலாம். இந்த நம்பரும் அப்படித்தான் யாரிடமோ போய்ச் சேர்ந்தது. அக்காவின் செல்போனில் பேஜ் திறந்தபடியே இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தீபாவளி நெருக்கத்தில் அந்த செல்போன் பழுதாகிப் புதிது வாங்கியபோதுதான் பாஸ்வேர்டு கேட்டது. மாற்றலாம் என்று பார்த்தால் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. மெயில் ஐடியோ கல்லூரி கொடுத்தது, படிப்பு முடிந்ததும் அதை மூடிவிட்டார்கள். "பேஜ் கண்ணுக்குத் தெரியுது தம்பி. என் முறுக்குதான், என் கைதான். உள்ளே போகத்தான் முடியலை" என்றார்.

செல்ஃபி வீடியோ கொடுத்துக் கணக்கை மீட்கும் வழி ஒன்றை இன்ஸ்டாகிராம் வைத்திருக்கிறது. நம் முகத்தைக் கணக்கில் ஏற்கெனவே உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அக்காவின் பேஜில் முகமே இல்லை. எல்லாம் விரலும் முறுக்கும்தான். இதற்கிடையில் ஆர்டர் கேட்டு மெசேஜ் போட்டவர்களுக்குப் பதில் போகாததால், "இது ஏமாற்றுப் பேஜ்" என்று கமெண்ட் வேறு விழத் தொடங்கியது. இத்தனை வருடம் ஒரு பொட்டலத்திலும் எடை குறைக்காத மனுஷி. எனக்குத் தாங்கவே இல்லை. கடைசிவரை அந்தப் பேஜ் கிடைக்கவில்லை, புதிதாகத்தான் தொடங்கினோம்.

இதைத் தவிர்க்க ஒரு மணி நேர வேலை போதும். கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, அதன் பாஸ்வேர்டை முதலாளியே வைத்துக்கொள்ள வேண்டும். பேஜில் கொடுக்கும் செல்போன் நம்பர் முதலாளி பெயரில் உள்ள, ரீசார்ஜ் விட்டுப்போகாத சிம்மாக இருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவர்கூட இன்னொரு குறியீடு இல்லாமல் நுழைய முடியாது. அதைப் போடும்போது பேக்கப் கோடு என்று சில எண்களும் கிடைக்கும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் பீரோவில் வையுங்கள். செல்போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், செல்போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

ஃபேஸ்புக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பேஜின் செட்டிங்ஸில் 'பேஜ் ஆக்சஸ்' என்ற பகுதியைத் திறந்தால் யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரியும். முழு அதிகாரம் வைத்திருக்கும் எவரும் மற்றவர்களை நீக்கலாம், பேஜைத் திறந்த உங்களையே நீக்கலாம். விளம்பரம் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் பதிவு போடவும் விளம்பரம் கொடுக்கவும் தேவையான அதிகாரம் மட்டும் கொடுங்கள். என்னைப் போன்ற ஆட்களுக்கும் இதே கணக்குதான். "முழு அட்மின் கொடுத்தால்தான் வேலை செய்வேன்" என்று எவராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு பாஸ்வேர்டையே கொடுத்துவிடும் பழக்கம் நம்மூரில் அதிகம். அது வேண்டாம். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தில், பேஜ்களை ஒரே இடத்தில் நிர்வகிக்க 'பிசினஸ் போர்ட்ஃபோலியோ' என்று ஒன்று உண்டு. அதை உங்கள் பெயரில் தொடங்கி, இரண்டு பேஜையும் அதில் சேர்த்துவிட்டால், பாஸ்வேர்டு சொல்லாமலே பிறருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆள் விலகிய அன்றே அவர் பெயரை எடுத்துவிடுங்கள். சண்டை போட்டுப் பிரிந்தால்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. நல்லபடியாகப் போனவரின் கணக்கையும் நாளைக்கு யாராவது ஹேக் செய்யலாம்.

அடுத்தது அந்த மிரட்டல் மெசேஜ். "உங்கள் பேஜ் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், மறுப்புத் தெரிவிக்க இந்த லிங்கை அழுத்தவும்." அனுப்பியவர் பெயரில் மெட்டா என்று இருக்கும், நீல லோகோ இருக்கும். லிங்கை அழுத்தினால் ஃபேஸ்புக் போலவே ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்கும். போட்டால் முடிந்தது, அடுத்த சில நிமிடத்தில் மெயிலையும் நம்பரையும் மாற்றிவிடுவார்கள். புளூ டிக் வாங்கித் தருகிறோம் என்று வருவதும் இந்த வகைதான். மெட்டா இன்பாக்ஸில் வந்து பாஸ்வேர்டு கேட்காது. மெயில் உண்மையா என்று சந்தேகம் வந்தால், இன்ஸ்டாகிராமின் பாதுகாப்பு செட்டிங்ஸில் அவர்கள் அண்மையில் அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத மெயில் அவர்கள் அனுப்பியதல்ல.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், பேஜ் இருப்பது இன்னொரு நிறுவனத்தின் தயவில்தான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு வாடிக்கையாளர்களிடம் விடைபெறக்கூட நேரம் கிடைக்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. ஆகவே வாங்கியவரின் பெயரும் நம்பரும் ஊரும் உங்களிடம் தனியாக இருக்க வேண்டும். கூகுள் ஷீட்டோ, கோடு போட்ட நோட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. காரைக்குடி அக்காவைக் காப்பாற்றியதும் பார்சல் அனுப்ப முகவரி எழுதிவைத்த நோட்டுதான். அதில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "பழைய பேஜ்ல கேக்காதீங்க, இந்த நம்பர்ல கேளுங்க" என்று சொன்னார். அந்தத் தீபாவளி வியாபாரம் அப்படித்தான் நடந்தது.

இப்படி வாடிக்கையாளர்களோடு நேரடியாகத் தொடர்பில் இருக்க வாட்ஸப் பிசினஸ் செயலி நல்ல கருவி. காட்டலாகில் படமும் விலையும் போடலாம், ஆர்டர்களுக்கு லேபிள் ஒட்டலாம். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் செல்போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்த மெசேஜ் போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் "எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி அச்சடியுங்கள். ஆட்கள் நேரில் வந்து வாங்கும் கடை என்றால் கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இன்ஸ்டாகிராமைவிட முக்கியம் என்பேன். அதற்குக் காசில்லை. அதிலும் உரிமையாளர் வேறு, மேனேஜர் வேறு. உரிமையாளர் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவில் என்ன போடுவது என்று நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் விலையை எழுதிப் போடுவதும், கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்வதும்தான் ஆர்டரைக் கொண்டுவருகின்றன. "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்றால் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். சினிமாப் பாட்டை ஓடவிட்டு விளம்பரம் செய்ய வணிகக் கணக்குக்கு உரிமை கிடையாது, வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் கொதிக்கும் சத்தமே போதும். சாப்பாட்டுப் பொருள் விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பேஜின் முகப்பிலேயே போடுங்கள். கேட்காமலே நம்பிக்கை வரும். ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அரைக் கிலோ முறுக்குக்கூட வாங்க மாட்டார்.

பேஜ் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால் தாமதிக்காதீர்கள். முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மெயில் கையில் இருந்தால்தான் மற்றதை மீட்க முடியும். பிறகு வழக்கமாகப் பயன்படுத்தும் அதே செல்போனிலிருந்து ஃபேஸ்புக்.காம்/ஹேக்டு அல்லது இன்ஸ்டாகிராம்.காம்/ஹேக்டு என்ற பக்கத்துக்குப் போய்க் கேட்பதை நிரப்புங்கள். விளம்பரத்துக்குக் கொடுத்த கார்டை வங்கியில் சொல்லி முடக்குங்கள். ஹேக் செய்தவர்கள் உங்கள் காசில் அவர்களுடைய விளம்பரத்தை ஓட்டுவது சாதாரணமாக நடக்கிறது. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வாடிக்கையாளர்களுக்கும் அன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் சொல்லிவிடுங்கள். அந்தப் பேஜிலிருந்து கியூஆர் கோடு வந்தால் யாரும் பணம் போட்டுவிடக் கூடாது.