டிஷ் வோஷர் எந்த நேரத்தில் சத்தம் போடுகிறது?

திருகோணமலையில் வீட்டு மின்சாதனங்களைத் திருத்தும் வேலை செய்யும் எனக்கு, டிஷ் வோஷர் என்று நாம் சொல்லும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான அழைப்புகள் ஒரு காலத்தில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளிலிருந்து மட்டுமே வந்தன. இப்போது உவர்மலை, பாலையூற்று வீடுகளிலிருந்தும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வாங்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன இயந்திரத்தோடு தனியே இருக்கும் பெற்றோர்தான் பெரும்பாலும் அழைக்கிறார்கள். "மெஷின் சத்தம் போடுது தம்பி" என்று தொடங்கி, அது அரைப்பது போலவா, தட்டுவது போலவா, முனகுவது போலவா என்று விளக்குவார்கள். நான் முதலில் கேட்பது, அந்தச் சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான். இந்த இயந்திரம் நீரை உள்ளே எடுப்பது, தெளித்துக் கழுவுவது, சூடாக்குவது, அழுக்கு நீரை வெளியேற்றுவது என்ற வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, சில வேளை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் செய்கிறது. வேலைக்கு வேலை இயங்கும் பாகம் வேறு என்பதால், நேரம் தெரிந்தால் பாகமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் இதுதான் நடந்தது. முன்பு வந்து பார்த்தவர் பெரிய மோட்டர் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். நான் தொலைபேசியில் நேரத்தைக் கேட்டபோது, "தண்ணி வெளிய போகேக்க மட்டும்தான் அரைக்குது, கழுவேக்க ஒண்டுமில்லை" என்றார் ரீச்சர். கழுவும்போது நீரைச் சுழற்றுவது பெரிய மோட்டர். வெளியேற்றுவது அடியில் தனியாக உள்ள சிறிய பம்ப். ஆகவே பெரிய மோட்டரைச் சந்தேகிக்க இடமே இல்லை. போய்த் திறந்து பார்த்தபோது, அந்தச் சிறிய பம்பின் சக்கரத்தில் பாரை மீனின் முள் ஒன்று குறுக்கே சிக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையும் கிடந்தது. இரண்டையும் எடுத்ததும் சத்தம் நின்றுவிட்டது. மோட்டர் மாற்றியிருந்தால் செலவும் போயிருக்கும், முள்ளும் அங்கேயே இருந்திருக்கும். நேரத்தைக் கேட்காமல் பாகத்தை மாற்றச் சொல்லும் எவரிடமும், ஏன் அந்தப் பாகம் என்று நீங்கள் கேட்கத் தயங்கவே கூடாது.

இந்த வேலையை வீட்டுக்காரரே செய்யலாம். முதலில் பிளக்கைக் கழற்றி, நீர்க்குழாயை மூடி, சூடு ஆறும் வரை காத்திருங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்து, நடுவில் உள்ள வடிகட்டியைத் திருகித் தூக்கி, குழியில் தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்த பின், டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பம்பை மூடியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடி பல இயந்திரங்களில் கையாலேயே கழன்று வரும். உடைந்த கிளாசின் சில்லு உள்ளே இருக்கக்கூடும் என்பதால் விரலை விடாமல் குறட்டால் எடுங்கள். பிறகு ஒரு மரக்குச்சியால் சக்கரத்தை மெல்லத் தள்ளிப் பாருங்கள். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் அது வழுக்கிச் சுழலாமல், விட்டுவிட்டுத் தடக்கித்தான் திரும்பும். இது அதன் இயல்பு. பழுது என்று எண்ணிப் பலர் பயந்துவிடுகிறார்கள்.

முள் ஏன் அங்கே போகிறது என்றால், வடிகட்டி சரியாகப் பூட்டப்படாததுதான் காரணம். கழுவிவிட்டு வைக்கும்போது கடைசித் திருப்பத்தைத் திருப்ப மறந்தால், விளிம்போரமாக ஓர் இடைவெளி நிற்கும். மீனும் நண்டும் இறாலும் நாளாந்தம் சமைக்கும் நம் சமையலறைகளில் அந்த இடைவெளி போதும். கோப்பையை முன்கூட்டியே கழுவி அடுக்க வேண்டியதில்லை. முள்ளையும் நண்டு ஓட்டையும் கறிவேப்பிலை ஈர்க்கையும் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுக்கினால் போதும். சிரட்டை அகப்பையை மட்டும் தயவுசெய்து உள்ளே வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் உதிரும் அதன் தும்பு, நீர் தெளிக்கும் கைகளின் துளைகளை அடைத்துவிடும்.

கழுவும் நேரத்தில் மட்டும் ஒழுங்கான இடைவெளியில் தட்டும் சத்தம் கேட்டால், சுழலும் தெளிப்புக் கை ஏதோ ஒன்றில் மோதுகிறது. நீட்டி நிற்கும் கரண்டியையோ உயர்ந்த சட்டியையோ நகர்த்தி, ஓட விடுவதற்கு முன் கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் முடிந்தது. அதே நேரத்தில் கொப்பளிப்பது போன்ற இரைச்சலும், கதவோரம் நுரையும் வந்தால், யாரோ கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றியிருக்கிறார்கள். பம்ப் நீருக்குப் பதிலாக நுரையை இழுத்துத் திணறுகிறது. இயந்திரத்தை நிறுத்தி, நுரையை அள்ளி எடுத்து, நீரை மட்டும் விட்டு அலசும் ஓட்டத்தை நுரை அடங்கும் வரை ஓட விடுங்கள்.

நீர் எடுக்கும் நேரத்தில் எழும் முனகல் நம் ஊரில் அடிக்கடி கேட்பது. இயந்திரம் பெரும்பாலும் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் நீரழுத்தத்தை எதிர்பார்க்கிறது. தண்ணீர்த் தாங்கி ஒரு மீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ 0.1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் தட்டில் வைத்த தாங்கி மூன்று நான்கு மீற்றர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், அழுத்தம் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. தாங்கி பாதியாகக் குறைந்த நேரத்தில் வால்வு நீண்ட நேரம் திறந்தபடி அதிர்ந்து முனகும். முதலில் நீர்க்குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, அதன் வாயிலுள்ள சிறு வலையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வலை சுத்தமாக இருந்தும் முனகல் நீடித்தால் தாங்கியை உயர்த்துவதோ, அழுத்தம் கூட்டும் சிறு பம்ப் வைப்பதோதான் வழி. இதற்கு மாறாக, வால்வு மூடும் கணத்தில் குழாய் ஒரே அடியாக 'டங்' என்று அதிர்ந்தால், சுவரோடு இறுக்கிப் பிடிக்காத குழாயைக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

சூடாக்கும் வேளையில் பழைய கேத்தல் கொதிப்பது போன்ற இரைச்சல் எழுந்தால், சூடாக்கியில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். கிணற்று நீரைப் பாவிக்கும் வீடுகளில் இதைக் கூடுதலாகக் காண்கிறேன். நீரை மென்மையாக்கும் பகுதி உள்ள இயந்திரங்களில் அதற்கென விற்கும் பருமனான தூய உப்பையே இட வேண்டும். உப்பளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், கடையில் வாங்கும் கறியுப்பும் கல்லுப்பும் அதற்கு ஆகாது. அவற்றிலுள்ள சேர்மானங்களும் அழுக்கும் அந்தப் பகுதியையே அடைத்துவிடும்.

மாரிக்காலம் முழுதும் மூடிக் கிடந்து மே மாதத்தில் திறக்கும் விடுதிகளிலும், ஆகஸ்ட் விடுமுறைக்கு மட்டும் ஆள் வரும் வீடுகளிலும் இன்னொரு சத்தம் கேட்கும். இயந்திரத்தைப் போட்டவுடன் 'ம்ம்' என்று ஒரு முனகல். வேறு அசைவு இல்லை. நீரின்றிக் காய்ந்து, உப்பும் கொழுப்பும் இறுகி, பம்ப் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போட்டால் சுருள் சூடேறி எரிந்துவிடும். நிறுத்திவிட்டு, அடிக்குழியில் ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீர் விட்டு இரவு முழுதும் ஊற விட்டால் பல வேளைகளில் தானாகவே விடுபட்டுவிடுகிறது.

சில சத்தங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. கதவைத் திறந்த பின்பும், பட்டனை அணைத்த பின்பும் வெளியேற்றும் பம்ப் நிற்காமல் ஓடினால், எங்கோ கசிந்த நீர் அடித்தட்டில் தேங்கி, அங்குள்ள மிதவை எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பம்பால் அந்த நீரை எடுக்க முடியாது என்பதால் அது நிற்கவே போவதில்லை. நீர்க்குழாயை மூடி, சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். தரை நனைந்திருந்தால் பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். பொரிவது போன்ற ஒலியோடு கருகல் மணம் வந்தாலும், ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் இதே ஒழுங்குதான். விழுந்த ட்ரிப் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். 2000 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கக்கூடிய இயந்திரத்தை எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுவதும் வேண்டாம். கழுவும் நேரம் முழுதும் மெல்லிய ஊளைபோல் எழுந்து, கிழமைக்குக் கிழமை கூர்மையாகும் ஒலி பெரிய மோட்டரின் பெயாரிங் தேய்வதைச் சொல்கிறது. அப்போதுதான் அந்த மோட்டரைப் பற்றிப் பேச வேண்டும், அதையும் திருத்துபவரிடம் விட வேண்டும்.

என்னைப் போன்ற ஒருவரை அழைப்பதற்கு முன், சத்தம் வரும்போது முகப்பில் எஞ்சிய நேரம் எத்தனை நிமிடம் என்று காட்டுகிறது என்பதையும் சேர்த்துத் தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். அரை நிமிடப் பதிவு போதும். உவர்மலை ரீச்சர் இப்போது அதைத்தான் அனுப்புகிறார். சென்ற முறை நான் அவர் வீட்டுக்குப் போகவே தேவைப்படவில்லை.