வெப்சைட் போனுக்குள்ளே இல்லை

வெப்சைட் செய்துகொடுப்பது என் தொழில். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேச அவ்வப்போது கூப்பிடுவார்கள். போனதும் நான் கேட்பது, "நீங்கள் பார்க்கிற வெப்சைட் எங்கே இருக்கிறது?" பெரும்பாலும் ஒரே பதில்தான்: "போனுக்குள்ளே." ஒரு பையன் மட்டும் "வைஃபை பெட்டிக்குள்ளே" என்றான். பெரியவர்களைக் கேட்டாலும் பதில் ரொம்ப மாறாது.

அது வேறெங்கோ, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டினார். அந்தக் கம்ப்யூட்டரில், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அணைத்தால் என்ன ஆகும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

அப்புறம் விளையாட்டு. ஒரு பிள்ளை பிரவுசர் (வெப்சைட்டைத் திறந்து காட்டும் செயலி), ஒரு பிள்ளை விலாச நோட்டு, ஒரு பிள்ளை சர்வர். பிரவுசர் தளத்தின் பெயரைச் சொன்னால், நோட்டு அதற்குரிய எண்ணைச் சொல்லும். நோட்டுக்குப் பெயர் டிஎன்எஸ், எண்ணுக்குப் பெயர் ஐபி என்றெல்லாம் அந்த வயதில் நான் ஆரம்பிப்பதில்லை. அந்த எண்ணை வைத்து சர்வரைத் தேடிப்பிடித்து, "பூனைப் படம் வேண்டும்" என்று சீட்டு நீட்ட வேண்டும். சர்வர் படத்தின் நகல் ஒன்றை ஆறாகக் கிழித்து, எண் போட்டு, ஆறு பேர் கையில் கொடுத்தனுப்பும். துண்டுகள் முன்பின்னாக வந்துசேரும், ஒன்று வழியில் தொலையும். "நாலாவது வரலை, திரும்ப அனுப்பு!" என்று ஒரே கூச்சல். படம் ஏன் பாதியில் நிற்கிறது என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இல்லாத படத்தைக் கேட்டால் சர்வர் 404 என்ற அட்டையைத் தூக்கிக் காட்டும். அந்த அட்டைக்குத்தான் அடிதடி.

அடுத்த சுற்றில் திசையை மாற்றுவேன். பிரவுசர் தான் வரைந்த படத்தை சர்வரிடம் கொடுக்க வேண்டும். சர்வர் அதை நகலெடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும். "சரி, இப்போது எல்லாவற்றையும் திருப்பி வாங்கு" என்பேன். ஒருமுறை, ஒரு நகலை வாங்கிய பையன் அதற்குள் வீட்டுக்கே போய்விட்டான். படம் வரைந்தவளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! 'போட்டோ அனுப்பாதே' என்று நூறு தடவை சொன்னாலும் அந்தப் புரிதல் வராது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் லேப்டாப்பைத் திறப்பேன். ஒருமுறை ஒரு செய்திப் பக்கத்தில் ரைட் கிளிக் செய்து, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கோடைக் காட்டும் இன்ஸ்பெக்ட் போய், தலைப்பை 'நாளை முதல் பள்ளிகளுக்கு ஒரு மாதம் விடுமுறை' என்று மாற்றினேன். கைதட்டல் அடங்கவில்லை. ரெஃப்ரெஷ் அழுத்தினேன், பழைய தலைப்பு வந்துவிட்டது. மாறியது நம்மிடம் வந்த நகல்தான், சர்வரில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

ஒரு சிறுமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "ரெஃப்ரெஷ் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தா?"